பச்சிளம் குழந்தைக்கு அடிக்கடி விக்கல் வருதா? காரணம் இதுதான்... இந்தத் தவறை மட்டும் செய்யாதீங்க!

பால் குடித்த கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு விக்கல் ஆரம்பிக்கும். உடனே பாட்டி, "குழந்தை வளருது, அதான்" என்பார். இன்னொருவர் நெற்றியில் ஈர நூலை ஒட்டுவார். வேறொருவர் தேன் பாட்டிலைத் தேடுவார். இதில் ஆபத்தானது அந்தத் தேன்தான்.

விக்கல் எப்படி வருது?

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. இது திடீரென சுருங்கும்போது காற்று வேகமாக உள்ளே இழுக்கப்படும். அடுத்த நொடியே குரல் நாண்கள் மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் விக்கல். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்கு விக்கல் வரும்.

2019-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 13 பச்சிளம் குழந்தைகளைக் கவனித்தனர். விக்கலின்போது மூளையில் மின் அலைகள் எழுவது தெரியவந்தது. மூச்சுத் தசைகளைக் கட்டுப்படுத்த மூளை கற்றுக்கொள்ள இது உதவலாம் என்கிறார்கள். பாட்டி சொன்னது முழுக்கத் தப்பில்லை போல!

முக்கிய காரணங்கள்

* வேகமாகவோ அதிகமாகவோ பால் குடிப்பது. வயிறு உப்பி, உதரவிதானத்தை அழுத்தும்.
* பாலோடு காற்றையும் விழுங்குவது. பசியில் வீறிட்டு அழுத பிறகு குடித்தால் இது அதிகம்.
* குடித்த பால் மேலே எதுக்களிப்பது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தசை இன்னும் பலப்படாததே காரணம்.

என்ன செய்யலாம்?

பால் கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி, குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விட வையுங்கள். குடித்ததும் படுக்க வைக்காமல் 20 முதல் 30 நிமிடம் நிமிர்த்திப் பிடியுங்கள். பசித்து அழும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே பால் கொடுங்கள். எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் விக்கல் தானாகவே நின்றுவிடும்.

என்ன செய்யக் கூடாது?

ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா, தசைகளைச் செயலிழக்க வைக்கும் பொட்டுலிசம் நோயை உண்டாக்கலாம். 6 மாதம் வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம். பயமுறுத்துவது, உச்சிக்குழியை அழுத்துவதும் கூடாது.

எப்போது டாக்டரிடம் போகணும்?

விக்கல் நிற்காமல் நீடித்துப் பாலையும் தூக்கத்தையும் கெடுத்தால், ஒவ்வொரு முறை குடித்ததும் வாந்தி எடுத்தால், எடை ஏறவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். வாந்தி பச்சை நிறத்தில் இருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ ஒரு நிமிடம்கூட காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.