தாலிக்கு முன் விவாக அறிவித்தல்

மொனராகலை, பதுளைத் தோட்டப்புறங்களில் தாலி கட்டியதோடு விவாகப் பதிவை மறந்துவிடுவோர் உளர். கணவன் இறந்தபின் ஊழியர் சேமலாப நிதியைக் கோரும் மனைவியே இதனால் அலைக்கழிகின்றாள்.

1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமக்கள் தாம் 10 நாட்களாயினும் வசித்த பிரிவின் பதிவாளரிடம் விவாக அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். வெவ்வேறு பிரிவினராயின் இருவரும் தனித்தனியே கொடுப்பர். அறிவித்தல் பதியப்பட்டு 12 நாட்களின் பின்னரே விவாகத்திற்கான அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும். அவசரமாயின் விசேட அனுமதிப் பத்திரத்திற்கு விண்ணப்பிக்கலாம். 3 மாதங்களுள் விவாகம் நடைபெறாவிடின் அறிவித்தல் செல்லுபடியாகாது.

மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாயின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் முஸ்லிம் விவாகப் பதிவாளரை நாடுதல் வேண்டும்.

முகூர்த்தமோ நிக்காஹ்வோ நாள் குறித்தவுடனேயே பதிவாளரையும் காண்பது நன்று.