கோப்பு இப்போது எந்த மேசையில்?

களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் பூஜப்புரை மத்தியச் சிறைக்கு மனு போட்டுப் பார்க்க வரும் குடும்பங்கள் பலவும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: “பரோல் போர்டு கூடினால் விட்டுவிடுவார்கள்.” அப்படி விட்டுவிடும் அதிகாரம் படைத்த போர்டு கேரளத்தில் இல்லை. இரண்டு வேறு விஷயங்கள் இந்தப் பேச்சில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

பரோல் என்பது சில நாள் வீட்டுக்குப் போய்த் திரும்புவது. கேரளச் சட்டம் அதை விடுப்பு என்றே சொல்கிறது. சாதாரண விடுப்பு ஒன்று. சாவு, கடும் நோய் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு ஒன்று. போலீஸ் அறிக்கையையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையையும் பார்த்துச் சிறைத்துறை முடிவு செய்யும். பெரும்பாலும் சிக்குவது போலீஸ் அறிக்கையில்தான். “வந்தால் ஊரில் பிரச்சினை வரும்” என்ற ஒரு வரி போதும். எனவே நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வரும்போது ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்க விடாதீர்கள்.

தண்டனை முடியுமுன் ஒரேயடியாக வெளியே வருவது முன்விடுதலை. இதற்குத்தான் குழு. 2010-ஆம் ஆண்டின் கேரளச் சிறைகள் சட்டப்படி அமையும் இந்த ஆலோசனைக் குழுவில் சிறைத்துறைத் தலைவர், மாவட்ட நீதிபதி, ஆட்சியர், காவல்துறை அதிகாரி போன்றோர் பதவியின் பேரில் உட்காருகிறார்கள். மீதி நாற்காலிகள் அரசு நியமிக்கும் வெளியாட்களுக்கு. கண்ணூர் சிறைக் குழுவில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் பி. ஜெயராஜன் இடம்பெற்றது சர்ச்சையானது இதனால்தான். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆளுநர் நியமித்து, செனட் ஒப்புக்கொண்ட போர்டே விடுதலையை முடிவு செய்கிறது. இங்கே குழு பரிந்துரைக்க மட்டுமே செய்யும். கோப்பு அங்கிருந்து உள்துறைக்குப் போகும். அரசமைப்பின் 161-ஆவது பிரிவின் மன்னிப்பு வழியென்றால் அமைச்சரவை கடந்து ஆளுநர் மேசைக்கும் போகும். மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டு உள்ளே கழிக்காமல் சாதாரணச் சட்ட வழியில் விடுதலை கிடையாது. பரோலில் வெளியே இருந்த நாட்கள் அந்தக் கணக்கில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. பலர் விரல்விட்டு எண்ணி ஏமாறுவது இங்கேதான்.

கோப்பு எவ்வளவு வேகத்தில் நகரும்? செங்கன்னூர் காரணவர் கொலை வழக்கில் 2010-இல் ஆயுள் தண்டனை பெற்ற பெண்ணுக்கு, அமைச்சரவை 2025 ஜனவரியில் முன்விடுதலை பரிந்துரைத்தது. அதைவிட நீண்ட காலம் உள்ளே இருப்பவர்கள் காத்திருக்க இவருக்கு மட்டும் ஏன் என்று கேரளமே கேட்டது. மறுபக்கம், ஜோசப் என்ற கைதி 26 ஆண்டுக்கு மேல் உள்ளே கிடந்தார். குழு பரிந்துரைத்தும் அரசு மறுத்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம்தான் அவரை விடுவித்தது. தண்டனை விதித்த காலத்து விதியை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் வந்த கடுமையான விதியைக் காட்டிக் கதவடைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். என் பார்வையில், சட்டத்தைவிட, யாருடைய கோப்பு எப்போது மேலே வருகிறது என்பதில்தான் கோளாறு.

2025 பிப்ரவரியில் வந்த இன்னொரு உச்ச நீதிமன்ற உத்தரவைக் குடும்பங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலத்தில், தகுதி வந்த கைதி விண்ணப்பிக்காவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும். மறுத்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுதி, கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வழி உண்டு. காவலில் உள்ள எவருக்கும், வருமானம் பாராமல், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம், தொலைபேசி 15100. “குழுவில் ஆள் இருக்கிறார்” என்று பணம் கேட்பவரிடம் சிக்க வேண்டாம். பரோல் முடிந்தும் திரும்பாமல் ஒரு நாள் தங்கினாலும் அது அடுத்த கோப்பில் ஏறும்.

இன்னொன்று, அபராதம். 2000-இல் 31 பேர் இறந்த கல்லுவாதுக்கல் விஷச்சாராய வழக்கில் தண்டனை பெற்ற மணிச்சன் நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறையில் இருந்தார். 2022 ஜூனில் விடுதலை உத்தரவு வந்தது. ஆனால் ரூ.30.45 லட்சம் அபராதம் கட்டவில்லை என்று கதவு திறக்கவில்லை. மனைவி உச்ச நீதிமன்றம் போய், அக்டோபரில்தான் அவர் வெளியே வந்தார். தீர்ப்பு நகலை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அபராதத் தொகை எவ்வளவு என்று இன்றே பாருங்கள்.