முகத்துக்கு அஞ்சார், முழக்கத்துக்கு அஞ்சுவர்



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில் பர்லியார் என்றோர் ஊர் உண்டு. 1871ஆம் ஆண்டில் தோன்றிய அரசுப் பழப்பண்ணையும், அங்கே விளையும் மங்குஸ்தானும் துரியனும் ஜாதிக்காயும் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தன. அங்கே பேருந்து நிற்கும்பொழுது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்குமாறு உங்களை வேண்டுகிறேன். சிறுவன் ஒருவன், முன்பின் அறியாத முதியவரின் கையைப் பற்றி, "தாத்தா, உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்?" என்று அன்பொழுகக் கேட்கிறான். அவ்வேளையில் வளைவில் திரும்பும் லாரியொன்று ஹாரனை ஒலிக்கிறது. மறுகணம் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அருகிலிருப்போர் என்ன சொல்வார்கள்? "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், நாலு அடி போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுள் சிலருடைய அச்சத்திற்கு அடமோ செல்லமோ காரணம் அன்று என்பதையே நான் இங்கு விளக்க விரும்புகிறேன். வில்லியம்ஸ் நோய்க்குறித்தொகுதி என்னும் அரிய மரபணுக் குறைபாடு ஒன்று உண்டு. நியூசிலாந்து மருத்துவர் ஜே. சி. பி. வில்லியம்ஸ் 1961ஆம் ஆண்டிலும், ஜெர்மனியைச் சேர்ந்த பாய்ரன் 1962ஆம் ஆண்டிலும் இதனை விவரித்தனர். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகியிருத்தல், தனித்த முகத்தோற்றம், கற்றலில் தாமதம் ஆகியவை ஒருங்கே அமைந்திருப்பதை அவர்கள் கண்டனர். ஏறத்தாழ 7,500 முதல் 20,000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுவதாக மதிப்பிடுகின்றனர்.

இதன் காரணம் யாது? நம் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் ஏழாவது இணையின் ஒரு குரோமோசோமில், சுமார் 25 முதல் 28 மரபணுக்களைக் கொண்ட சிறு துண்டு இவர்களிடம் விடுபட்டிருக்கிறது. ஒரு பெரிய நூலில் ஓரிரு பக்கங்கள் அச்சாகாமல் போனது போன்றது இது. தமனிக்கு நெகிழ்ச்சி தரும் எலாஸ்டின் என்ற புரதத்தின் மரபணுவும் அத்துண்டில் அடங்கும் என்பது 1993ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மரபணுக் குறை என்றவுடனே பெற்றோரைக் குறைகூறுவது நம்மிடையே உள்ள வழக்கம். இங்கு ஒரு வேறுபாட்டை அறிதல் நன்று. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் உயிரணுப் பண்பு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அப்பண்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக வருவது. வில்லியம்ஸ் குறைபாடோ பெரும்பாலும் அவ்வாறு வருவதன்று. கருவுக்கு வித்தான அணு உருவாகும்பொழுது தற்செயலாக நேர்ந்துவிடும் பிழை அது. ஆகவே தாயைப் பழிப்பதும், உறவில் மணம் செய்ததால் வந்தது என்பதும் பொருந்தா.

இனி அச்சத்திற்கு வருவோம். இப்பிள்ளைகள் அந்நியரைக் கண்டு கூசுவதில்லை. எல்லாரையும் உறவாகவே கொள்கின்றனர். ஆயினும் இடி, பட்டாசு, ஹாரன், மாவரைக்கும் பொறி ஆகியவற்றின் ஓசை பலரை நடுங்கச் செய்கிறது. நமக்கு இயல்பாகத் தோன்றும் ஒலி அவர்கள் செவிக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது. நான்கு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட 119 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிய மிகையச்சம் இருந்தது.

அன்பும் அச்சமும் ஒரே உள்ளத்தில் எங்ஙனம் குடிகொள்கின்றன? மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. ஆபத்தை அறிவிக்கும் காவலன் அது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், வில்லியம்ஸ் குறைபாடு உடையோரின் அமிக்டலா சினந்த முகங்களைக் கண்டபொழுது பிறரினும் குறைவாகவும், மனித முகமற்ற அச்சக் காட்சிகளைக் கண்டபொழுது பிறரினும் மிகுதியாகவும் செயற்பட்டது தெரிந்தது. காவலன் உறங்கவில்லை, மனிதர் வரும் வாயிலை விட்டு மற்ற வாயில்களிலேயே விழித்து நிற்கிறான். இதனால் இரட்டைத் துன்பம் நேர்கிறது. அஞ்ச வேண்டிய தீயோரிடம் அவர்கள் அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டாத ஓசைக்கு அஞ்சுகின்றனர்.

வரப்போவதை எண்ணிக் கலங்குவதும் இவர்களிடம் மிகுதி. "நாளை இடி இடிக்குமா?", "பேருந்து எப்பொழுது வரும்?" என்று ஒரே வினாவைப் பலமுறை கேட்பார்கள். அது தொல்லை கொடுப்பதற்காக அன்று. உறுதி தேடும் உள்ளத்தின் குரல் அது. வயது ஏறினால் இக்கலக்கம் தானே மறையும் என்று வாளாவிருத்தலும் தவறு. வளர்ந்தோரிடமும் அது தொடர்வதுண்டு.

செய்யத்தக்கவை பல. நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரைந்து முன்கூட்டியே காட்டலாம். பேரோசை எழப்போகிறது என்றால் சொல்லி வைக்கலாம்; காதுறை தரலாம். அஞ்சும் ஒலியை முதலில் மெல்லியதாக, தொலைவிலிருந்து, பிள்ளையின் இசைவோடு கேட்கச் செய்து, சிறிது சிறிதாகப் பழக்கலாம். இவர்களுள் பலர் இசையில் மிக்க நாட்டமுடையோர், அதுவும் ஆறுதலாகும். அச்சம் கடுமையாயின் மனநல மருத்துவரை நாட வேண்டும். இதயத்தையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். குறைபாடு உண்டா என்பதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினரிடமும் ஐயத்தைத் தெரிவிக்கலாம்.

மாணவர்களாகிய உங்களுக்கும் இதிற் பங்குண்டு. பட்டாசு வெடித்து ஒருவனை நடுங்க வைத்து நகைப்பது எளிது. "இதோ மணி அடிக்கப் போகிறது, காதைப் பொத்திக்கொள்" என்று ஒரு நிமிடம் முன்னதாகச் சொல்வதும் எளிதுதான். எல்லாரையும் நண்பராக நம்பி வரும் பிள்ளைக்கு, அந்நம்பிக்கை வீண்போகவில்லை என்பதை உணர்த்தும் செயல் இந்த இரண்டாவதே.