ஆச்சிக்கு எப்போது நின்றது?

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்த ஓர் ஆச்சியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, அவருடைய மகளும் கல்லூரியில் படிக்கும் பேத்தியும் ஒரு காலை வேளையில் எங்கள் பெண்நலப் பிரிவுக்கு வந்தனர். அன்று நோயாளி ஆச்சி அல்லர், மகள். ஆச்சியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் மூவரும் ஒரே அறைக்குள் வந்துவிட்டார்கள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

மகளுக்கு வயது 43. 2023 டிசம்பர் பெருமழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த நாள்முதல் மாதவிடாய் ஒழுங்கு தவறிவிட்டது என்றார். ஒருமுறை இருபது நாளிலேயே வருகிறது. பிறகு இரண்டு மாதம் வருவதில்லை. நள்ளிரவில் வேர்த்து நனைந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். வெள்ளத்தின் அதிர்ச்சிதான் உடம்பில் தங்கிவிட்டது என்று அவர் நம்பியிருந்தார்.

வழக்கமாகக் கேட்கும் கேள்வியை நாங்கள் கேட்டோம்: “உங்கள் அம்மாவுக்கு எத்தனை வயதில் நின்றது?” அவர் திரும்பித் தாயைப் பார்த்தார். ஒரே வீட்டில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அந்தக் கேள்வி அவர்களுக்கிடையே வந்ததே இல்லை. ஆச்சி சிரித்துவிட்டார். “அதெல்லாம் யாரு எழுதி வச்சா? நின்னுச்சு, நிம்மதின்னு இருந்துட்டோம்.”

எங்கள் கடற்கரையில் மூத்தவர்களிடம் வயதைக் கேட்டால் விடை வராது. நிகழ்ச்சியைக் கேட்டால் வரும். பெரிய மனுஷி ஆனது எப்போது என்று கேட்டோம். “கடைசியா முத்துக் குளிச்சாங்களே, அந்த வருஷம். எனக்குப் பதினாலு.” தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். நின்றது எப்போது? சற்று யோசித்தார். “தாமிரபரணியில பெருவெள்ளம் வந்துச்சுல்லா, அதுக்கு முந்தின வருஷம்.” அந்த வெள்ளம் 1992 நவம்பரில் வந்தது. பேத்தி கைப்பேசியில் கணக்குப் போட்டு, “ஆச்சிக்கு நாப்பத்தி நாலு வயசு” என்றாள்.

அந்த எண் எங்களுக்கு இரண்டு செய்திகளைச் சொன்னது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேலைநாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழ 51. நாற்பத்தைந்துக்கு முன் நிற்பதை முன்கூட்டி நிற்றல் என்கிறோம். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆச்சிக்குச் சீக்கிரமே குறைந்துவிட்டது என்பது முதல் செய்தி. வயது, சத்து, பார்வை எனப் பல காரணங்கள் இருந்தாலும், குளியலறையில் ஒருமுறை சறுக்கியதற்கே எலும்பு முறிந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். இரண்டாவது செய்தி மகளுக்கானது. மாதவிடாய் நிற்கும் வயதைத் தீர்மானிப்பதில் ஏறத்தாழப் பாதிப் பங்கு மரபுக்கு உண்டு. தாய்க்கு 44 என்றால், மகள் 43 வயதில் தடுமாறுவதற்கு வெள்ளத்தைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. ஆயினும் கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, இரத்த அளவு, ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்த பிறகே அதை அவரிடம் உறுதியாகச் சொன்னோம்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் குடும்பத்தில் யாருக்கு இருக்கின்றன என்று கேட்டால் எல்லோரும் தயங்காமல் சொல்கிறார்கள். தாய்க்கு எப்போது நின்றது என்பதும் அதே போன்ற மருத்துவத் தகவல்தான். அது மட்டும் எந்த வீட்டிலும் கைமாறுவதில்லை.

பெண்ணின் பருவங்களுக்குத் தமிழில் ஏழு பெயர்கள் உண்டு: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். கடைசிப் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்கு இலக்கணம் சொன்னவர்கள் 32 முதல் 40 வரை என வயது வகுத்தார்கள். நாற்பதுக்குப் பின் பெயரில்லை. எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரில்லாத பருவத்தைச் சேர்ந்தவர்கள். முதல் மாதவிடாய்க்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் உண்டு. தாய்மாமன் சீர் உண்டு. தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்து ஊருக்கே சொல்கிறோம். (அந்த ஃபிளெக்ஸில் எங்களுக்கு உடன்பாடு இல்லை, அது வேறு விஷயம்.) கடைசி மாதவிடாய் அதே வீட்டில் ஒருவரும் அறியாமல் கழிந்துவிடுகிறது. மருத்துவர்களாகிய நாங்களும் விலக்கல்லோம். எங்களில் சிலர் நாற்பதைக் கடந்தவர்கள். எங்கள் தாய்மாரிடம் இதைக் கேட்கத் தோன்றியது மிகத் தாமதமாகத்தான்.

இப்பருவத்தில் உடலில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். மெனோபாஸ் என்பது அதுவே. அதற்கு முன் சில ஆண்டுகள் தடுமாற்றமான காலம் உண்டு. அக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஏறியும் இறங்கியும் அலைகிறது. சில மாதங்களில் சினைமுட்டை வெளிப்படுவதில்லை. அதனால் நாள் தள்ளுகிறது, அல்லது அதிகமாகப் படுகிறது. உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறு மாற்றத்துக்கும் மிகையாக எதிர்வினை புரிவதால், மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறி, வேர்த்து, பிறகு குளிர்கிறது. உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டால் எரிச்சலும் மறதியும் உடன் வருகின்றன.

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் சொல்வது அனலை அல்ல. “மேலெல்லாம் வலி, கை கால் உளைச்சல், கிறுகிறுப்பு” என்றுதான் தொடங்குகிறார்கள். உப்பளத்தில் வேலை செய்பவரிடம் “திடீரென்று உடம்பு சுடுகிறதா?” என்று கேட்டால், மே மாத வெயிலில் உப்பு சுமப்பவருக்குச் சுடாமல் என்ன செய்யும்? எனவே கேள்வியை மாற்றிக்கொண்டோம்: “இரவில், விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போது வேர்க்கிறதா?” ஒதுங்க இடமில்லாத வேலைத்தலங்களில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். இப்பருவத்தில் பிறப்புறுப்பும் சிறுநீர்ப்பாதையும் உலர்ந்து மெலிவதால், தண்ணீர்க் குறைவும் சேர்ந்து சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதையோ, தாம்பத்திய உறவில் வலிக்கிறது என்பதையோ சொல்ல, பலர் கதவருகே போய்த் திரும்பி வருகிறார்கள். இரண்டுக்கும் மருத்துவம் இருக்கிறது.

பேசாதிருப்பதன் இழப்பு வெறும் சங்கடமல்ல. “நிக்கப் போற நேரம், அப்படித்தான் இருக்கும்” என்ற ஒரே வாக்கியம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே வரவேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவே, அந்நிலையில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிக அதிகம். மணிக்கொரு நாப்கின் நனைவது, கட்டி கட்டியாகப் போவது, ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பது, உறவுக்குப் பின் இரத்தம் படுவது, நாற்பதுக்கு முன்பே நிற்பது ஆகியவற்றையும் வயதின்மேல் போட்டுவிடக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. படபடப்பும் சோர்வும் அதனாலும் வரலாம். நெஞ்சில் அழுத்தமும் வேர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால், அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. “தொல்லையாக இருக்கிறது, கருப்பையை எடுத்துவிடுங்கள், பிள்ளை பெற்றாயிற்றே” என்று கேட்டு வருவோர் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் பலர் இளம் வயதிலேயே கருப்பையை இழந்த செய்தி 2019இல் நாட்டையே அதிரவைத்தது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்கும் பருவம் படிப்படியாக வராது, மறுநாளே வந்துவிடும். அதிக இரத்தப்போக்கை மாத்திரையாலும், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் கருவியாலும் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். அறுவை தேவைப்படும் நிலைகள் இருக்கின்றன. அது முதல் வழியாக இருக்க வேண்டியதில்லை.

ஹார்மோன் மருத்துவம் என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் ஒரு பகுதி 2002இல் நிறுத்தப்பட்டபோது எழுந்த அச்சம் அது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் இருப்பவர்க்கும், நின்று பத்தாண்டுக்குள் இருப்பவர்க்கும், தொல்லை கடுமையாக இருந்தால் நன்மையே பொதுவாக மேலோங்குகிறது என்பது இன்றைய கருத்து. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, கல்லீரல் நோய் உள்ளவர்க்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருப்பவர்க்கும் இது ஏற்றதன்று. ஹார்மோன் அல்லாத மருந்துகளும் இருக்கின்றன. மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்குவதை மட்டும் தவிருங்கள்.

ஆச்சியின் நிம்மதியையும் நாங்கள் தள்ளிவிட விரும்பவில்லை. மார்ஷா ஃபிளின்ட் என்ற மானிடவியலாளர் 1975இல் வெளியிட்ட கட்டுரையில், இராஜபுத்திரப் பெண்கள் இப்பருவத்தில் அதிகம் அவதிப்படவில்லை என்று எழுதினார். முக்காடும் விலக்கும் நீங்கி, ஆண்கள் இருக்கும் முற்றத்தில் அமர்ந்து பேசும் உரிமை அவர்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. தீட்டு என்ற சொல்லிலிருந்து விடுபட்ட ஆச்சிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மெனோபாஸ் நோயன்று. ஆனால் நிம்மதியாக இருந்த அதே ஆண்டுகளில் அவருடைய எலும்பு தேய்ந்துகொண்டிருந்தது. நின்ற பின் முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில்தான் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, நாள்தோறும் நடை, கொஞ்சம் பளு தூக்கும் பயிற்சி என எல்லாம் இந்த ஆண்டுகளுக்கானவை. (நெத்திலிக் கருவாட்டில் உப்பு மிகுதி, இரத்த அழுத்தம் உள்ளவர்க்குப் பச்சை நெத்திலியே நல்லது.)

சொல்லக் கூச்சப்படும் மற்றொன்று: நாள் தள்ளிப்போகிறது என்பதற்காகக் கருத்தரிக்காது என்று எண்ண வேண்டாம். ஐம்பதுக்குக் கீழ் என்றால் கடைசி மாதவிடாய்க்குப் பின் இரண்டு ஆண்டும், ஐம்பதுக்கு மேல் என்றால் ஓராண்டும் கருத்தடை தேவை. மகளுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் தாய் கலங்கி வந்து நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆண்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று நம்புகிறோம். முத்துக்குளிப்பவரின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பான் என்று இக்கரையில் சொல்வார்கள். கீழேயிருந்து ஓர் அசைவு வந்தால் கேள்வி கேட்காமல் இழுக்க வேண்டும். இரவில் மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தால் “என்ன கோபம்?” என்று கேட்பதைவிட, ஜன்னலைத் திறந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள். காலையில் அவரோடு மருத்துவமனைக்கு வாருங்கள்.

அன்று அந்த மூவரும் புறப்படும்போது மகளுக்குச் சிகிச்சைச் சீட்டும், ஆச்சிக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குச் சீட்டும் கொடுத்தோம். பேத்தி தன் கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். “ஆச்சிக்கு 44. அம்மாவுக்கு இன்னும் தெரியல. பிறகு சேர்க்கணும்” என்றாள்.

எங்கள் பிரிவுக்கு வரும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்: கடைசி ஆறு மாதவிடாய்கள் வந்த தேதிகள், எத்தனை நாள் நீடித்தன, உண்ணும் மருந்துகள், அம்மாவுக்கும் அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கும் நின்ற வயது. வயது தெரியாவிட்டால் எந்த வெள்ளம், எந்தப் புயல், எந்தத் திருவிழா என்று கேட்டு எழுதுங்கள்; கணக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.