"நஞ்சு எப்படி இருக்கு, டாக்டரம்மா?"

ஸ்கேன் அறையில் எல்லோரும் முதலில் கேட்பது, குழந்தை நல்லா இருக்கா. மாமியாரோ அம்மாவோ கூட வந்திருந்தால் அடுத்தது தப்பாமல் வரும்: "கொடி சுத்தியிருக்கா?" கழுத்தில் கொடி சுற்றிய குழந்தைகளில் பெரும்பாலானவை சிக்கலில்லாமல்தான் பிறக்கின்றன. அந்தக் கொடி போய்ச் சேருகிற நஞ்சைப் பற்றிய அந்த முதல் வரிக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. மதுரைப் பக்கம் ஓர் ஊரில் ஸ்கேன் டாக்டராக இருக்கிறேன். பழைய பிரசவத்தில் பிபி ஏறியது, வயிற்றிலேயே குழந்தை தவறியது என்று கனத்த ஃபைலோடு வருகிற பெண்களிடம் நான் ஆற அமரப் பார்ப்பது அந்த நஞ்சைத்தான்.

பிரசவ சமயத்தில் அது அரைக் கிலோ எடை இருக்கும். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் தாயின் இரத்தம் அதற்குப் போகிறது. இவ்வளவு இரத்தம் வர வேண்டுமென்றால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஒரு வேலை நடந்தாக வேண்டும். கருவின் பக்கமிருந்து கிளம்பும் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்கே சுருண்டு கிடக்கும் தாயின் சிறு தமனிகளை அகலப்படுத்துகின்றன. மடையைத் திறந்துவிட்ட வயல்போல இரத்தம் நிதானமாகப் பரவும். அந்த வேலை அரைகுறையாக நின்றால் தமனிகள் குறுகியே இருந்துவிடும். குழந்தையின் வளர்ச்சி குறையும், தாய்க்கு பிபி ஏறும். ஏழாம் மாதத்தில் திடீரென்று வந்ததாக நினைக்கிற பிபிக்கு வேர் பல நேரம் மூன்றாம் மாதத்திலேயே இருக்கிறது.

அந்தச் சிறு தமனிகள் ஸ்கேனில் தனித்தனியாகத் தெரியாது. கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் வருகிற பெரிய தமனிகளில் டாப்ளர் வைத்து, இரத்தம் எவ்வளவு தடையைத் தாண்டிப் போகிறது என்று அளக்கிறோம். இதற்கு ஏற்ற காலம் 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் இடையில். இந்த அளவோடு பிபி, பழைய பிரசவ விவரம், இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து யாருக்கு அதிகம் என்று கணிக்கலாம். லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைட்ஸ் குழுவினர் 2017-ல் வெளியிட்ட 'ஆஸ்ப்ரே' ஆய்வில், இப்படிக் கண்டறிந்த பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிவருகிற பிபி நோய் 62 சதவீதம் குறைந்தது. ஆஸ்பிரின், நம் மருந்துக்கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கிற மாத்திரை! ஆனால் டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், 16 வாரத்துக்குள் தொடங்கவும் வேண்டும். "அஞ்சாம் மாசம் பெரிய ஸ்கேன் எடுத்துக்கலாம்னு இருந்தோம்" என்று வந்து நிற்கும்போது அந்தக் காலம் கடந்திருக்கும். எனக்குத் தாங்காத வருத்தம் இது.

பிந்தைய மாதங்களில் டாப்ளரைக் கொடியின் தமனியில் வைக்கிறோம். குழந்தையின் இதயம் நஞ்சுக்கு இரத்தத்தைத் தள்ளுகிறது. நஞ்சு நன்றாக இருந்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலும் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நஞ்சுக்குள் குழாய்கள் அடைபட அடைபட அந்த இடைவெளி ஓட்டம் குறையும், நிற்கும், முற்றினால் பின்னோக்கியே திரும்பும்.

29 வாரத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு அது நின்றிருந்தது. "துடிப்பு கேக்குது, அசையுதுன்னும் சொல்றா. அப்புறம் என்ன டாக்டரம்மா?" என்றார் கணவர். திரையை அவர் பக்கம் திருப்பி, அலைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைக் காட்டினேன். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி போடவும், குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இடம் வைத்திருக்கவும் அங்கே அவகாசம் இருந்தது. துடிப்பு நிற்கும்வரை காத்திருந்தால் ஸ்கேன் எதற்கு?

நஞ்சில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதையே எம்.ஆர்.ஐ.யில் படித்துவிடும் முயற்சிகளும் நடக்கின்றன. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இப்படிப்பட்ட முயற்சிகளுக்காக 'மனித நஞ்சுத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கின. எங்கள் ஊர் அறைக்கு அது வர நாளாகும்.

ஆனால் நம் ஊருக்கு இன்றைக்கே அவசரமான சங்கதி வேறொன்று உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின்மேல் அமர்ந்தால், சுவரைத் துளைத்து ஒட்டிக்கொள்ளக்கூடும். ஐந்தாம் மாதத்தில் 'நஞ்சு கீழே இருக்கு' என்றாலே பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கர்ப்பப்பை வளர வளர அது மேலே போய்விடும். கர்ப்பப்பை வாயை மூடியபடியே நின்றுவிட்டால்தான் கவலை. அப்படி நின்ற பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 11 சதவீதமும், இரண்டு ஆனவர்களுக்கு 40 சதவீதமும் நஞ்சு ஒட்டியிருந்ததாக 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய கறுப்புக் கோடு இருக்கிறதா, நஞ்சுக்குள் இரத்தம் சுழலும் குழிகள் உண்டா, சிறுநீர்ப்பையின் ஓரம் அறுபடாமல் தெரிகிறதா என்று பார்ப்பேன். நஞ்சு பின்பக்கம் இருந்து சரியாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. உதவும். அதில் கதிர்வீச்சு இல்லை.

முன்கூட்டியே தெரிந்தால் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறித்து, இரத்தமும் அனுபவமுள்ள அறுவை மருத்துவர்களும் தயாராக இருக்க, ஆபரேஷன் செய்யலாம். தெரியாமல் மேசையில் நஞ்சைப் பிய்த்தெடுக்கப் போனால் உயிரையே பறிக்கும் அளவுக்கு இரத்தம் போகும். குறித்த நாளுக்கு முன்பே எந்த இரவிலும் இரத்தப்போக்கு தொடங்கலாம். அதனால் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே, "மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல தங்கிக்க யார் வீடாவது இருக்காம்மா?" என்று கேட்டுவிடுகிறேன்.