கைவேலையில் ஒரு கிறிஸ்துமஸ்!

தீபாவளிக்காவது போனஸ் உண்டு. கிறிஸ்துமஸோ, டிசம்பர் சம்பளம் கைக்கு வருமுன்னே வந்து நிற்கும்! அதனால் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லாம் கைவேலைதான், சகோதரிகளே.

ஸ்டாருக்கு இரண்டடி நீள மூங்கில் பிளாச்சு பத்து போதும். ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே பிளாச்சுகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் நாலு அங்குலக் குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். பல்பு மாட்ட வழி விட்டு, மைதாப் பசையால் கலர் பேப்பர் ஒட்டுங்கள். எல்.இ.டி. பல்புதான் போட வேண்டும். குண்டு பல்பின் சூட்டில் பேப்பர் பற்றிக்கொள்ளலாம், ஜாக்கிரதை!

குடிலுக்குப் புல் வாங்குவானேன்? நம்மூர் முளைப்பாரி இருக்கவே இருக்கு! 15-ம் தேதி வாக்கில் கொட்டாங்கச்சியில் மண்ணும் எருவும் போட்டு, கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் 24-ம் தேதி பச்சைப் பசேலென்று நிற்கும்.

பரிசுக்கு, நைந்த சுங்குடிச் சேலையின் நல்ல பாகத்தில் சுருக்குப் பை தைத்து, பட்டர் பேப்பரில் சுற்றிய அச்சு முறுக்கை உள்ளே வைத்துவிடுவேன். பிளாஸ்டிக் பைக்குத்தான் 2019-லிருந்தே தடையாச்சே, துணிப் பையை யாரும் வேண்டாமென்பதில்லை. (மாமியாருக்கு மட்டும் புதுத்துணியில் தைப்பேன்!)

இந்த வருஷம் மிச்சம் பிடித்ததில் சின்னவளுக்குக் கவுன் துணி எடுத்தாயிற்று. தைப்பதும் நான்தான்.