கள்ளியங்காட்டு நீலி பெங்களூருக்குப் போன கதை

வலியசாலையிலும் சாலைக் கம்போளத்திலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். விடுமுறை கிடைத்தால் இரவு கடை அடைத்ததும் தம்பானூரில் பஸ் ஏறிவிடுவார்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று போகும் பஸ், நாகர்கோவிலுக்குச் சற்று முன்னால் கள்ளியங்காட்டைக் கடக்கிறது.

அந்தக் கள்ளியங்காட்டு நீலிதான் 2025 ஓணத்துக்கு மலையாளத் திரையுலகை ஒரு கலக்குக் கலக்கினாள்!

படத்தின் பெயர் 'லோகா'. டைரக்டர் டொமினிக் அருண். தயாரிப்பாளர் துல்கர் சல்மான். நீலியாக நடித்தவர் கல்யாணி பிரியதர்ஷன். ஆகஸ்ட் 28-ம் தேதி வெளியான இப்படம் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு வந்தது. பேய்ப் படமா, சண்டைப் படமா என்று கேட்டால் இரண்டும்தான்.

வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நீலியின் பழைய கதை தெரிந்திருக்கும். தாசி குலத்துப் பெண் ஒருத்தி, தன்னிடம் பொருளையெல்லாம் தோற்றுவிட்டுப் போன ஓர் அர்ச்சகனை நம்பி, அவன் பின்னாலேயே நடக்கிறாள். காட்டில் களைத்து அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்ட அவன் கல்லைப் போட்டு அவளைக் கொன்றுவிடுகிறான். சாட்சி சொல்ல மனிதர் யாரும் இல்லை. நின்றது ஒரு கள்ளிச்செடிதான். அவள் நீலியாக மறுபடியும் பிறக்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடிப்போய்ப் பழி தீர்க்கிறாள். திருவள்ளூர் மாவட்டம் பழையனூரிலும் இதே போன்ற கதை உண்டு. அங்கே அவனுடைய உயிருக்குப் பிணை நின்ற 70 வேளாளர்கள், சொன்ன சொல் தவறாமல் தீக்குளித்தார்களாம். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் நாயகியும் பழையனூர்க்காரிதான்!

இதே நீலி மலையாள மண்ணுக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிஹ்யமாலை'யில், பத்மநாபபுரம் போகும் வழியில் ஒரு யட்சி ஆட்களைப் பிடித்துத் தின்கிறாள். கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் ஆணி அடித்து அடக்குகிறார். பேன் பார்த்த கிழவி ஒருத்தி தெரியாமல் ஆணியைப் பிடுங்கிவிட, யட்சி தப்பி ஓடுகிறாள். அந்த யட்சிதான் கள்ளியங்காட்டு நீலி என்று பிற்காலத்தில் ஜனங்கள் சொல்லலானார்கள். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் அவள் ஏன் யட்சியானாள் என்பது இதில் இல்லை. அந்தக் கொலை வழியிலேயே எங்கோ தொலைந்துபோயிற்று.

'லோகா' படத்தில் என் மனத்துக்குப் பிடித்தது இதுதான்: நீலிக்கு ஒரு நியாயத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வில்லுப்பாட்டின் தாசி இல்லை இவள். மன்னனின் கொடுமையால் உற்றாரை இழந்த பழங்குடிச் சிறுமி. காலம் கடந்து வாழும் அவள், சந்திரா என்ற பெயரில் பெங்களூருக்கு வருகிறாள். காப்பிக் கடையில் இரவு ஷிப்ட்! பகலில் தலைகாட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவள் யார் என்றே தெரியாது. பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்து இரவு ஷிப்ட் பார்க்கும் நம்மவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் உறைக்கும். வில்லன் இன்ஸ்பெக்டராக வருபவர் நம் டான்ஸ் மாஸ்டர் சாண்டி. சிரித்தபடியே பயமுறுத்துகிறார். பிற்பாதியில் கௌரவ வேடங்கள் அதிகம். அடுத்த பாகங்களுக்கு விளம்பரம் போல ஆகிவிட்டது.

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இப்படி ஒரு பேய் இருக்கிறது. 'அஸ்வாங்' என்று பெயர். பகலில் சாதாரண அண்டை வீட்டுக்காரி. இரவில் கர்ப்பிணிகளைத் தேடி வரும். பூண்டு, உப்பு, திருக்கை வால் சாட்டை ஆகியவற்றுக்கு அது அஞ்சுமாம். திருக்கை வால் நம் கடற்கரை ஊர்களிலும் தெரிந்த ஆயுதமல்லவா? எரிக் மாட்டி 2012-ல் எடுத்த 'டிக்டிக்' படத்தில், கர்ப்பிணி இருக்கும் வீட்டை ஓர் இரவு முழுவதும் அஸ்வாங் கூட்டம் தாக்குகிறது. சண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பேய் கடைசி வரை எதிரிதான். இங்கே பேயே கதாநாயகி. தியேட்டரில் அவளுக்குத்தான் கைதட்டல்.

கள்ளியங்காட்டை அடுத்துப் பார்வதிபுரத்தில் இப்போது மேம்பாலம் இருக்கிறது. கடைசி பஸ் அதில் ஏறும்போது உள்ளே பெரும்பாலும் எல்லோரும் உறக்கத்தில் இருப்பார்கள்.